குதிரை லாயத்துத் தேர்தல்

மூன்று மாதம் உடம்பைத் தேற்றிக்கொண்டு போகலாம் என்று பெங்களூருக்கு வந்த வினிஃப்ரெட் ஆஷ்பி, மூன்றரை வருஷம் தங்கிவிட்டாள். ஊரின் குளிர்ச்சிதான் அவளைப் பிடித்து வைத்தது என்று கண்டோன்மெண்ட் துரைசானிகள் பேசிக்கொண்டார்கள். குளிர்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது! அவளைப் பிடித்து வைத்தவை முப்பது பெண்களும் ஒரு பழைய குதிரை லாயமும்.

அந்த மூன்றரை வருஷமும் அவளுக்கு வாயாகவும் காதாகவும் இருந்தவள் நோரா. லிங்கராஜபுரம் கம்பவுண்டர் தியோடரின் ஒரே மகள். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்தாறு. இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆஷ்பி பேசுவதைத் தமிழிலும், பெண்கள் பேசுவதை இங்கிலீஷிலும், சில சமயம் பெண்கள் பேசாமல் முழுங்கியதைக்கூட இங்கிலீஷிலும் சொல்லிவிடுவாள்.

ஆஷ்பி சாமானியப்பட்டவள் இல்லை. அப்பா டிராம் வண்டி ஓட்டியவர். லண்டனில் கப்பல் துறைப் பக்கம், சாக்குத் தைக்கிற பெண்களும் ஜாம் கம்பெனிப் பெண்களும் வேலை விட்டால் தெருமுனையில் நிற்பதைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் இருந்தார்கள். இருபத்திரண்டு வயதில் அவள் ஒரு சர்ச்சின் நிலவறையைக் கேட்டு வாங்கி அவர்களுக்கு ஒரு கிளப் ஆரம்பித்தாள். அந்தப் பெண்களுக்குக் குளிக்க இடமில்லை என்று நகரசபைக்குப் போய்க் கத்தினாள். கத்திக் கத்திப் பார்த்து, வெளியில் நின்று கத்துவதைவிட உள்ளே உட்கார்ந்து கத்துவது மேல் என்று லேபர் கட்சி சார்பில் நகரசபைக்கே நின்று ஜெயித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் பார்லிமெண்டுக்கும் போனாள். இரண்டே வருஷம். முப்பத்தொன்றில் அவள் கட்சியே மண்ணைக் கவ்வியது, அவளும் கவ்வினாள். அதோடு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு படுத்தவளை, இங்கே ராணுவ டாக்டராக இருந்த அண்ணன் கடிதம் போட்டு வரவழைத்தான்.

வந்தவள் சும்மா இருந்தாளா? சாயங்காலம் நோராவோடு பிளாக்பள்ளி பக்கம் நடக்கப் போனவள், சிகரெட் கம்பெனியும் துணி மில்லும் விட்டு வருகிற பெண்கள் குழாயடியில் நின்று பேசுவதைப் பார்த்தாள். "இவங்க வேலை முடிஞ்சா எங்கே போவாங்க?" என்று கேட்டாள். "வீட்டுக்கு" என்றாள் நோரா. "வீட்டுக்கு முன்னாடி?" என்று கேட்டாள் ஆஷ்பி. பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு வீட்டுக்கு முன்னாடி என்று ஒரு இடம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் நோராவுக்கு உறைத்தது.

லேடீஸ் கமிட்டி ஒன்றின் பொறுப்பில் ஒரு காலி லாயம் கிடந்தது. குதிரைகள் போய் மோட்டார் வந்துவிட்ட காலம். ஆஷ்பி அதைக் கேட்டு வாங்கி, சாணி நாற்றம் போக மூன்று தடவை சுண்ணாம்பு அடிக்க வைத்தாள். அங்கே பெண்கள் ரிங் டென்னிஸ் ஆடினார்கள், பாட்டுப் பாடினார்கள், நோரா பேப்பர் படிக்கக் கேட்டுச் சண்டை போட்டார்கள். லாயத்துச் சாவியை ஆஷ்பி தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வாரம் ஒருத்தியாக அந்தப் பெண்களே இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். "இளசுகளுக்கு மேலே நின்னு பார்த்துக்க ஆள் வேண்டாம். தங்களுக்குன்னு ஒரு அறை, அதுக்கு ஒரு சாவி. இது போதும்" என்பது அவள் வேதம். தன்னைத் துரைசானி என்று யாரும் கூப்பிடக்கூடாது, காம்ரேட் என்றுதான் கூப்பிடவேண்டும் என்று அவள் அடம் பிடித்தாள். நம் பெண்கள் வெறுமனே காம்ரேட் என்று ஒரு பெரிய மனுஷியைக் கூப்பிடுவார்களா? 'காம்ரேட்டம்மா' என்று ஆக்கிவிட்டார்கள்.

எதையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள் காம்ரேட்டம்மா. முதல் ஓட்டு, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு டீயா காபியா என்று. டீ வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் எல்லாரும் தூக்கினார்கள். காபி என்றதும் எல்லாரும் தூக்கினார்கள். ஆஷ்பி திகைத்துப்போய் நோராவைப் பார்த்தாள்.

"டீ கேட்டவ மனசும் நோகக்கூடாது, காபி கேட்டவ மனசும் நோகக்கூடாதில்லையா, அதான்" என்று நோரா விளக்கினாள்.

அன்றிலிருந்து கைதூக்கல் ஒழிந்தது. ஒரு ஜமக்காளத்தைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் குறுகிய வாய்ப் பானை ஒன்றை வைத்தார்கள். பக்கத்தில் இரண்டு தட்டு, ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் மொச்சைக்கொட்டை. டீக்குப் புளியங்கொட்டை, காபிக்கு மொச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவளும் போடலாம், எவள் எதைப் போட்டாள் என்று எவளுக்கும் தெரியாது. ஒன்பது கொட்டை வித்தியாசத்தில் காபி ஜெயித்தது. மனசு நோகக்கூடாது என்று இரண்டுக்கும் கை தூக்கிய அதே மகராசிகள்தான்!

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, முப்பத்தைந்தாம் வருஷம் ஜூன் மாதம் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. தேர்தல் வரப்போகிறது, பழைய தொகுதியில் நிற்க வா என்று கட்சி கூப்பிட்டது. ஆஷ்பி கடிதத்தை நோராவிடம் நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். ஆகஸ்டில் கப்பல்.

இனி லாயம் யார் கையில்? நோராவுக்கு இதில் சந்தேகமே இல்லை. அவளுக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக வேறெதையும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னபடி நடப்பாள், வீட்டில் அப்பா சொன்னபடி நடப்பாள். லாயத்தில்தான் அவள் யோசனைகளுக்குக் கால் முளைத்தது. பெண்களை நந்தி மலைக்கு இரண்டு நாள் கூட்டிப்போக வேண்டும், சுவரோடு சுவராக ஒரு நூலகம் வைக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருந்தாள். லேடீஸ் கமிட்டித் தலைவி மிஸஸ் கார்ட்ரைட்டும், "நோராவையே போட்டுவிடலாமே, நல்ல குடும்பத்துப் பெண், இங்கிலீஷ் தெரிந்தவள்" என்று சொன்னாளாம். பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்று நோரா இருந்தாள்.

"போடறதுக்கு நீங்க யாரு, நான் யாரு? அந்தப் பொண்ணுங்க தேர்ந்தெடுக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆகஸ்ட்ல" என்று சொல்லிவிட்டாள் ஆஷ்பி.

நோராவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தன்னை எதிர்த்து யார் நிற்கப்போகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டாள். நின்றாள் ஒருத்தி. அலர்மேல்மங்கை. சிகரெட் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவள், இருபது வயது, வாய் திறந்தால் குழாயடியே வாயை மூடும். நோராவை 'அக்கா அக்கா' என்று சுற்றி வருகிறவள்தான். அக்கா என்றால் என்ன, தேர்தல் என்றால் தேர்தல்.

"நான்தான் கறுப்பு, புளியங்கொட்டை எனக்கு. நோராக்காவுக்கு மொச்சை" என்று சின்னத்தையும் அவளே பங்கு போட்டாள்.

அடுத்த பத்து நாளும் அலர்மேல் ஒவ்வொரு பெண்ணின் வீட்டு வாசலிலும் போய் நின்றாள். நோரா யாரையும் கேட்கவில்லை. "அவங்ககிட்டே ஓட்டு கேட்டியா?" என்று ஆஷ்பி இரண்டு தடவை விசாரித்தாள்.

"நான் என்ன செஞ்சிருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் கேக்கணும், நோரா. கேக்கறது கௌரவக் குறைச்சல் இல்லை. உன் தயவு எனக்கு வேணும்னு அவங்ககிட்டே ஒத்துக்கறது அது."

நோரா தலையை ஆட்டினாள், கேட்கவில்லை. கேட்கக் கிளம்பினாலும் வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

தேர்தல் அன்று திரைக்குப் பின்னால் போய் நின்றவள் மொச்சைத் தட்டில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. இங்கேதான் அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பவுண்டர் தியோடர் சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கிற பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் ஐந்து தடவை நின்று ஐந்து தடவையும் தோற்றவர். ஐந்து தடவையும் தன் ஓட்டை எதிராளிக்கே போட்டவர். "பந்தியிலே தன் இலைக்குத் தானே பரிமாறிக்கிறவனை என்னன்னு சொல்றது? தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கிறவனும் அதே ரகம்தான்" என்பார். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, தன் மொச்சையைத் தானே எடுப்பது பிறர் சட்டைப்பையில் கை விடுவது போலக் கூசியது. அதோடு அவளுக்கு ஒரு கணக்கும் இருந்தது. எப்படியும் பத்துப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கப்போகிறோம், ஒன்று போனால் என்ன? பாவம், சின்னப் பெண்ணுக்கு ஒரு ஓட்டாவது மரியாதையாக விழட்டுமே.

புளியங்கொட்டை ஒன்றை எடுத்துப் பானைக்குள் போட்டுவிட்டு, பெருந்தன்மையோடு வெளியே வந்தாள்.

ஆஷ்பி ஓட்டுப் போடவில்லை. நோராவையும் சேர்த்து முப்பத்தோரு பேர். பானையைக் கவிழ்த்து, எல்லார் முன்னாலும் எண்ணினாள் ஆஷ்பி. மொச்சை பதினைந்து. புளியங்கொட்டை பதினாறு.

பெண்கள் கூச்சல் போட்டு அலர்மேலைத் தூக்கிக்கொண்டார்கள். நோராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணக்கு டீச்சர் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். தன் கையிலிருந்த அந்த ஒரு கொட்டை தன் தட்டிலிருந்து எடுத்ததாக இருந்திருந்தால், இந்த நிமிஷம் தூக்கிக்கொண்டிருப்பது தன்னை. ஜெயித்தவளுக்கு மாலை போட்டாள், சிரித்தாள், அப்புறம் குக் டவுன் ரோடு நெடுக அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் தியோடர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பிள்ளைன்னா இதுதான் பிள்ளை! என் பேரைக் காப்பாத்திட்டேம்மா!"

"உங்க பேரைக் காப்பாத்தி என் தலையிலே மண்ணைப் போட்டுக்கிட்டேன் அப்பா!" என்று கத்திவிட்டு நோரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவை எதிர்த்து அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. தியோடர் பாவம், மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்தவர் போல விழித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆஷ்பியிடம் போனாள். டாக்டர் அண்ணன் வீட்டு அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள் அவள். நோரா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா, பந்தி, இலை, பரிமாறுவது, புளியங்கொட்டை. சொல்லி முடித்தபோது ஆஷ்பி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காதீங்க! மூணு வருஷம் இந்தக் கிளப்புக்கு நான் உழைச்சேன்."

"சிரிக்கலை. சரி, சிரிச்சேன், மன்னிச்சுக்கோ" என்று ஆஷ்பி கட்டிலில் இடம் ஒதுக்கி அவளை உட்கார வைத்தாள். "நான் முதல் முதல்லே நகரசபைக்கு நின்னப்போ எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கே போட்டுக்கிட்டேன். எனக்கு நானே ஒரு ஓட்டுக்கூடப் போடமாட்டேன்னா, கப்பல்லே மூட்டை தூக்கற ஆள் எதுக்காக எனக்குப் போடணும்? பந்தியிலே காத்திருக்கலாம், நோரா. இது பந்தி இல்லையே."

"மறுபடியும் தேர்தல் வச்சா?"

"நீ கூட்டத்திலே எழுந்து கேக்கலாம். கிளப் பொண்ணு யாருக்கும் அந்த உரிமை உண்டு. நான் கேக்கமாட்டேன்." ஒரு சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "எனக்கு ஓட்டு இருந்திருந்தா உனக்குத்தான் போட்டிருப்பேன். அதனாலேதான் எனக்கு ஓட்டு வேண்டாம்னேன்" என்றாள்.

அந்த வார்த்தை நோராவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. கூட்டத்தில் எழுந்து கேட்க அவளால் முடியவில்லை. ஆகஸ்ட் கடைசியில் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் முப்பது பெண்களும் மல்லிகையும் கனகாம்பரமுமாகப் போய் ஆஷ்பியைப் பம்பாய் ரயிலில் ஏற்றினார்கள். ஆஷ்பி ஜன்னல் வழியாகக் கைகுலுக்கினாள், அழுதாள், "சாவி யார்கிட்டே?" என்று கேட்டாள், ரயில் நகர்ந்தது.

அதன்பின் நோரா லாயத்துப் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் நேராக வீடு. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரம் வீட்டு வாசலில் வந்து நின்றாள் அலர்மேல்.

"இன்னாக்கா, உடம்பு சரியில்லையா, மனசு சரியில்லையா?"

"பள்ளிக்கூடத்திலே வேலை ஜாஸ்தி."

"சும்னே சொல்லாதே. பரீட்சை எப்போன்னு எனக்குத் தெரியாதா? கமிட்டியிலேருந்து லெட்டர் வந்து கிடக்குது. எவ படிக்கறது?"

"ஓ, லெட்டர் படிக்கத்தான் அக்கா வேணுமா?"

"ஆமா" என்றாள் அலர்மேல், கண் இமைக்காமல். "லெட்டர் படிக்கவும் வேணும். ரிங் ஆட்டத்துலே சண்டை வந்தா தீர்க்கவும் வேணும். நீ இல்லாம பேப்பர் படிக்கறது நின்னுபோச்சு, அதுக்கும் வேணும். ஓட்டு கேட்டு இருபத்தொன்பது வாசல்லே நின்னவ நான். உன் வாசல்லேயும் நிக்கறதுக்கு எனக்கென்ன பேஜாரு? வாக்கா."

கேட்டுவிட்டாள், அவ்வளவுதான். அவள் கேட்ட மாதிரி தன்னால் ஒரு நாளும் கேட்க முடியாது என்று நோராவுக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். உள்ளே கொஞ்சம் கசப்பு இருக்கத்தான் செய்தது. கசப்போடு நடந்தாலும் பிளாக்பள்ளி அதே தூரம்தான்.

போய்ப் பார்த்தால், லாயம் நன்றாகத்தான் நடந்தது. சொல்லப்போனால், நோராவின் நோட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதி அங்கே நடந்துகொண்டிருந்தது. துணி மில்லில் பெண்கள் பக்கம் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்று மனுப் போடுவதாகக் கொட்டை போட்டு முடிவு செய்திருந்தார்கள். மனுவை நோரா எழுதினாள், முப்பத்தோரு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். தீபாவளி முடிந்த கையோடு குழாய் வந்தது. அதில் முதல் சொம்பு தண்ணீரை அலர்மேல் லாயத்துக்கு எடுத்து வந்து, தீர்த்தம் மாதிரி ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தாள். நோராவும் கையேந்திக் குடித்தாள். அன்றைக்குக் கசப்பு பாதி இறங்கிவிட்டது.

நவம்பரில் ஆஷ்பி ஜெயித்தாள் என்று டாக்டர் அண்ணன் ஆள் அனுப்பிச் சொன்னார். அறுநூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். லாயமே ரெண்டுபட்டது. பின்னாலேயே கடிதமும் வந்தது. பதினாலு வயதில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு அப்புறம் அவர்களை மறந்துவிடுகிற நாட்டைப் பற்றித்தான் பார்லிமெண்டில் இந்தத் தடவை தன் முதல் பேச்சு இருக்கும், ஒவ்வொரு பேட்டைக்கும் அவர்களுக்கென்று ஒரு அறையும் சாவியும் கேட்கப்போகிறேன், பெங்களூரில் ஒரு லாயம் இருக்கிறது என்று சொல்லப்போகிறேன் என்று எழுதியிருந்தாள். நோரா அதை மூன்று தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் லேடீஸ் கமிட்டியிலிருந்து அழைப்பு வந்தது. கிளப் லீடரும் நோராவும் வரவேண்டும்.

மிஸஸ் கார்ட்ரைட் கெட்டவள் இல்லை. இருவருக்கும் நாற்காலி போட்டாள், தன் கையாலேயே கேக் வெட்டிக் கொடுத்தாள். நாலு துரைசானிகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அலர்மேல் கேக்கை இரண்டே வாயில் முடித்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோரா, இதை அந்தப் பொண்ணுக்கு மொழிபெயர்க்க வேண்டாம்" என்று மிஸஸ் கார்ட்ரைட் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். "மனு, மில், குழாய்னு எங்களுக்குக் கவலையா இருக்கு. நல்ல பொண்ணுதான், ஆனா லீடர்னா படிப்பு வேணும், நிதானம் வேணும். மிஸ் ஆஷ்பி இருந்தவரைக்கும் நாங்க பேசலை. இப்போ இடம் எங்களோடது. தேர்தலை ரத்து பண்ணிட்டு உன்னை நியமிக்கறதா இருக்கோம். நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நோராவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை. அந்த நோட்டுப் புத்தகம், நந்தி மலை, நூலகம், எல்லாம் ஒரு வார்த்தை தூரத்தில். அதோடு, தான் திருடவும் போவதில்லையே! நியாயமாகப் பார்த்தால் அது தன்னுடையதுதானே. ஒரு அசட்டு மரியாதையால் நழுவியது திரும்பி வருகிறது, அவ்வளவுதானே. மனசு எவ்வளவு வக்கணையாக வக்கீல் பேசுகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் அலர்மேல் எதுவும் புரியாமல், ஆனால் அக்கா பார்த்துக்கொள்வாள் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அந்த நிம்மதியைப் பார்த்ததும் வக்கீலின் வாய் அடைத்துப்போனது.

"பொண்ணுங்க ஓட்டுப் போட்டாச்சு, மேடம்" என்றாள் நோரா.

"ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்னு கேள்விப்பட்டேன். அதெல்லாம் ஒரு ஜெயமா?" மிஸஸ் கார்ட்ரைட் புன்னகையோடு முன்னால் சாய்ந்தாள். "மனசைத் தொட்டுச் சொல்லு. மூணு வருஷம் அந்த இடத்துக்காக உழைச்சவ நீ. அதுக்கு நீதான் தகுதின்னு உனக்குத் தெரியும். இவ வரணும்னு நீ நினைச்சேன்னு மட்டும் என்கிட்டே சொல்லாதே."

"நான் இவளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன், மேடம்."

ஒரு துரைசானி கையிலிருந்த கோப்பையைத் தட்டில் வைத்தாள். எதிர்த்து நின்றவளே அவளுக்குப் போட்டிருக்கிறாள் என்றால், மேற்கொண்டு அவளுக்கு எதிராக யார் என்ன பேசுவது? நோராவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் நின்றபோது அது வெறும் பகட்டு. இப்போது, குழாய்த் தண்ணீர் குடித்த பிறகு, அதே ஓட்டை மனசாரப் போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்படியா" என்றாள் மிஸஸ் கார்ட்ரைட் கடைசியில். "அப்படின்னா... ஆகஸ்ட் வரைக்கும் பார்ப்போம்." இன்னொரு துண்டு கேக் வெட்டி அலர்மேலுக்கு வைத்தாள்.

வெளியே கேட்டைத் தாண்டும்வரை அலர்மேல் பொறுத்திருந்தாள். பிறகு நோராவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாக்கா நடந்துச்சு? ஓட்டுன்னாங்க, என்னைக் கை காட்டினாங்க, நீ ஏதோ சொன்னே, எல்லாம் கப்சிப்னு ஆயிட்டாங்க. ஜல்தி சொல்லு."

நோரா ஒன்று விடாமல் சொன்னாள். துரைசானி கேட்டது, தன் நெஞ்சு அடித்துக்கொண்டது, வக்கீல், கடைசியில் சொன்ன பதில். அலர்மேல் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"நெஜமாவா? எனக்கா போட்டே?"

"ஆமா."

"அடிப்பாவி! பைத்தியமா உனக்கு? நான் எனக்கேதான் போட்டுக்கிட்டேன்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தவள், பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள். விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். முகம் மாறியது. "அப்போ... உன் கொட்டையை நீ போட்டிருந்தா நீதானேக்கா ஜெயிச்சிருப்பே. அப்போ இது உன்னோடது."

"இல்லை. உன்னோடதுதான். நீ கேட்டே, அவங்க கொடுத்தாங்க. நான் கேக்கவே இல்லை." இதைச் சொல்லும்போது தன்னிடம் கசப்பு ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை என்று நோராவுக்குத் தெரிந்தது. அவளுக்கே அது சந்தோஷமாக இருந்தது. "ஆனா அடுத்த ஆகஸ்ட்லே நான் மறுபடியும் நிக்கப்போறேன், அலரு. உன்னைத் தோக்கடிக்கப்போறேன்."

"அப்படி வா வழிக்கு!"

நோரா தெருவில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். ஒரு ஜட்கா போய்க்கொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். இருபத்தாறு வயதில் முதல் தடவையாக அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஓட்டுப் போடுவியா?"

அலர்மேல் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரொம்ப நேரம் யோசிப்பது போலப் பாவனை செய்தாள்.

"மாட்டேன்க்கா" என்றாள்.

"சரி, போ. இன்னும் இருபத்தொன்பது பேர் இருக்காங்க" என்றாள் நோரா. யாரை முதலில் போய்க் கேட்பது என்று யோசித்துக்கொண்டே அவளோடு லாயத்தைப் பார்க்க நடந்தாள்.